உன் பெயரில் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்

என் பாசத்துக்குரிய அருள் அண்ணனுக்கு,

உன் மேல் எனக்கு இருக்கும் கோபம் இந்தப் பத்து மாதத்தில் கொஞ்சமும் குறையவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கல்லறையில் பூ வைக்கும்போதும், சாமியார் ஜெபம் சொல்லும்போதும், அண்ணி அழும்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். செத்தவர்களைத் திட்டக் கூடாதாம். உயிரோடு இருந்தபோதே உன்னைத் திட்டிக்கொண்டிருந்தவள் நான், இப்போது மட்டும் எப்படி விட முடியும்?

நாளைக் காலை ஒன்பது மணிக்கு உன் பம்பு ஓடப்போகிறது. ஆரணியில் இருக்கிற சாயப்பட்டறைகளின் கழிவுநீர், நீ பள்ளம் தோண்டிப் பதித்த குழாய் வழியாக, நெசவுத் தெருக்களையெல்லாம் தாண்டி சேத்துப்பட்டு ரோட்டில் நிற்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கு முதல் தடவையாகப் போகும். சாயப்பட்டறைக்காரர்கள் சங்கம் சேர்ந்து, கம்பெனிக்கு வேலையைக் கொடுத்து, கம்பெனி உன் தலையில் கட்டிய வேலை. மூன்று வருடம் நீ நாயாக அலைந்தாய். நீ போன பிறகு நான் அலைகிறேன்.

நேற்று கம்பெனி டைரக்டர் போன் செய்தார். குரலில் அவ்வளவு உருக்கம். "மேடம், பம்ப் ஹவுஸ் வாசல்ல சார் பேர்ல ஒரு கல்வெட்டு வைக்கறோம். கடமையில் உயிர் நீத்த பொறியாளர்னு போட்டிருக்கோம். கருப்பு கிரானைட். நாளன்னிக்கு நீங்கதான் திறந்து வைக்கணும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, அண்ணா. கடமையிலா உயிர் நீத்தாய்? ஒரு வேலையை ஒரே ஆளின் மண்டைக்குள் வைத்துப் பூட்டினீர்கள், நீயும் கம்பெனியும் சேர்ந்து. அந்தப் பூட்டுக்குள் மாட்டிக்கொண்டு செத்தாய். அதைக் கிரானைட்டில் எழுதுவார்களா? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர், "வீட்ல கேட்டுட்டுச் சொல்லுங்க மேடம்" என்றார்.

அண்ணியிடம் கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்த அண்ணி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "கல்லு இன்னாத்துக்கு? அந்த மனுசனுக்கு ஒரு நாள் லீவு குடுத்திருந்தா போதும், இன்னிக்கி அவரே வந்து நின்னிருப்பாரு" என்றாள்.

உன் மேல் கோபப்படுவதற்குக் காரணம் கேட்கிறாயா? உட்கார், சொல்கிறேன்.

நீ இறந்த மறுவாரம் கம்பெனியில் என்னைக் கூப்பிட்டார்கள். சென்னையில் பெரிய கட்டடங்களுக்கு நாள் வாரியாக அட்டவணை போடுவது என் பிழைப்பு என்று அவர்களுக்குத் தெரியும். "உங்கண்ணன் வேலை பாதியில நிக்குது" என்றார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக என் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். வந்து உன் சைட் ஷெட்டைத் திறந்து பார்த்தால், சுவரில் ஒரு வரைபடம். அதற்கும் பூமிக்குள் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. குழாய் இருப்பதாகப் போட்டிருந்த இடத்தில் தோண்டினால் பாறை இருந்தது. பாறை என்று போட்டிருந்த இடத்தில் குழாய் இருந்தது. அதை உடைத்தும் விட்டோம். ஒரு தெருவில் கிணற்றைச் சுற்றிக்கொண்டு போயிருந்தாய். இன்னொரு தெருவில் கோயில் வேப்பமரத்துக்காக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தாவியிருந்தாய். எல்லாம் சரியான முடிவுகள்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஒன்றையாவது எழுதி வைத்தாயா?

எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தாய் என்று மேஸ்திரி ஏழுமலை சொன்னான். உன் போன் அண்ணியிடம்தான் இருக்கிறது. நாலு எண் போட்டால் திறக்கும். உன் பிறந்த நாள், பிள்ளைகளின் பிறந்த நாள், கல்யாண நாள், அப்பா செத்த நாள், எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டோம். கடைக்காரனிடம் கொடுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்கிறான். அந்த நாலு எண் என்ன அண்ணா? உன் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாத அந்த எண் எது?

அப்புறம் உன்னுடைய அந்தப் "பாத்துக்கலாம்". ஆரம்பத்தில் பதினெட்டு சாயப்பட்டறைதான் கணக்கு. நீ போகும்போது இருபத்தேழு. எவன் வந்து, "சார், நம்ம பட்டறையையும் சேத்துக்குங்க" என்றாலும் அவன் தோளில் கையைப் போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, பாத்துக்கலாம் என்று அனுப்பியிருக்கிறாய். இருபத்தேழு பட்டறைத் தண்ணீரும் வந்தால் நீ வாங்கி வைத்த பம்பு தாங்குமா என்று பார்க்கவில்லை. சங்கத்தில் கேட்டால், "இன்ஜினியரு ஒத்துகினாருங்க" என்கிறார்கள். கம்பெனியில் கேட்டால், எங்களுக்குத் தெரியாது என்கிறார்கள். நடுவில் நான் நிற்கிறேன். வேறு பம்பு வாங்கவே நாலு மாதம் போனது. முடியாது என்ற சொல் உன் வாயில் வராதா? உனக்கு நல்ல பெயர், எனக்குப் பேஜார்.

உன்னுடைய கடைசி நாளையும் பேசத்தான் வேண்டும். இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

பம்பு ஹவுசுக்குக் கீழே இருக்கும் தொட்டிக்குக் கான்கிரீட் போட்ட நாள். காலை ஏழு மணிக்கே உனக்கு வலி ஆரம்பித்திருக்கிறது. ஏழுமலை இருபது வருடமாகக் கான்கிரீட் போடுகிற மேஸ்திரி, கலசப்பாக்கத்துக்காரன். உன்னைத் தூக்கி வண்டியில் போட்டவனும் அவன்தான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நெஞ்ச தேச்சிகினே நின்னாருங்க. வேர்த்துக் கொட்டுது. ஆட்டோ கூப்ட்டுகினு வரேன் சார்னு சொன்னேன். கான்கிரீட் ஓடிகினு இருக்குடா, முடியட்டும் பாத்துக்கலாம்னாரு. பதினொரு மணிக்கு அப்டியே உக்காந்தாரு. அவ்ளோதாங்க."

அப்பாவும் இப்படித்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனார். உனக்குத் தெரியாதா? ஏழு மணியிலிருந்து பதினொரு மணி வரை நான்கு மணி நேரம். வேலூருக்கு ஒரு மணி நேரம்தானே?

ஏழுமலைக்குத் தெரியாத கான்கிரீட்டா என்று அவனிடமே சண்டை போட்டேன். அவன் அழுதுவிட்டான். "கான்கிரீட் தெரியும்ங்க. பைப்புக்கு ஓட்டை எங்க வுடணும்னு அவருக்குத்தான் தெரியும். படத்துல ஒரு எடம் இருக்குது, அவரு வேற எடம் மாத்திட்டாரு. அத யாருகிட்டயும் சொல்லல" என்றான். அதற்காகத்தான் நின்றிருக்கிறாய். சாக்பீஸ் எடுத்துப் பலகையில் ஒரு வட்டம் போட்டுக் காட்டியிருந்தால் போதும், அண்ணா. ஒரு வட்டம். நீ வண்டியில் ஏறியிருக்கலாம். நீ இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும் என்பதில் உனக்கு ஒரு பெருமை இருந்தது. சாப்பிடும்போது அண்ணியிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாயாமே. அந்தப் பெருமையை நான் மன்னிக்கவே மாட்டேன்.

சரி, இத்தனை பேசுகிறாயே, நீ ஒழுங்கா என்று கேட்பாய். கேள். நான் செய்ததையும் சொல்கிறேன். இதுவரை அண்ணியிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை.

வந்த மூன்றாவது மாதத்தில் என் அட்டவணை தயார். எந்தத் தெருவில் எந்தத் தேதியில் தோண்டுவது, எந்த மணிக்கு வண்டி வருவது, எல்லாம் கம்ப்யூட்டரில் கலர் கலராக. அந்த வாரம் டைரக்டர் பார்வையிட வருகிறார் என்றார்கள். ஷெட்டைக் கூட்டி, மண்ணை வாரி, எல்லாவற்றையும் சுத்தம் செய்தேன். ஷெட்டு வாசலில் தடுப்புக்காக ஒரு இரும்புக் கம்பம் நட்டிருந்தாயே, அதில் கந்தல் கந்தலாகக் கலர் நூல்கள் கட்டியிருந்தன. சிவப்பு, மஞ்சள், பச்சை, எல்லாம் பட்டு நூல் துண்டுகள். யாரோ வேண்டுதலுக்குக் கட்டியது போலிருந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று பொழுது சாய்ந்த பிறகு ஒரு பிளேடை எடுத்து நானே எல்லாவற்றையும் அறுத்துக் குப்பையில் போட்டேன். ஏழுமலை அன்று லீவு. இருந்திருந்தால் என் கையைப் பிடித்திருப்பான்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு, என் அட்டவணைப்படி, ஜேசிபி மேட்டுத் தெருவுக்குள் திரும்பியது. தெருவின் முழு நீளத்துக்கும் பாவு விரித்திருந்தார்கள். உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: நாலைந்து சேலைக்கான நீள நூல்களை ஒன்றாகத் தெருவில் இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளைப் பிணைத்து, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். அதற்குத் தெருவை விட்டால் வேறு இடம் கிடையாது. டிரைவர் பின்பக்கமாக வண்டியை உள்ளே விட்டிருக்கிறான். ஆட்கள் கத்தியது அவனுக்குக் கேட்கவில்லை. பாவின் நுனியைக் கட்டியிருந்த முளைக்குச்சியைச் சக்கரம் பிடுங்கியது. பாவு மொத்தமும் அப்படியே சேற்றில் விழுந்தது.

கஸ்தூரி அக்கா வீட்டுப் பாவு அது. அவளும் அவள் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் நாலு மணிக்கு எழுந்து விரித்தது. நான் ஓடிப் போய் நின்றபோது அவள் என்னைத் திட்டவில்லை. என்னைத் தாண்டி ஷெட்டு வாசலுக்கு நடந்து போய் அந்தக் கம்பத்தைப் பார்த்தாள்.

"நூலு எங்கங்க? நேத்து சாயங்காலம் பச்சை நூலு கட்டினேனே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள்தான் சொன்னாள். மறுநாள் பாவு போடுகிற வீட்டார் முதல் நாள் சாயங்காலமே கம்பத்தில் ஒரு நூலைக் கட்டிவிட வேண்டும். மேட்டுத் தெருவுக்குப் பச்சை, அடுத்த தெருவுக்கு மஞ்சள், அதற்கடுத்ததற்குச் சிவப்பு. கட்டிய தெருவுக்கு மறுநாள் காலை பத்து மணி வரை வண்டி வராது. நீ அவர்களோடு பேசி வைத்த ஏற்பாடு. இரண்டு வருடம் ஒரு பாவுகூடக் கெடாமல் நடந்திருக்கிறது. நீ போன பிறகு ஏழுமலை தானாகவே அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "இது எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டேன். சேற்றில் கிடக்கும் பாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவளிடம் அதைக் கேட்டேன். இன்றைக்கும் நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "உங்கண்ணன் செத்ததுல இருந்து ஒருத்தரும் எங்கள இன்னா ஏதுன்னு கேக்கல. நீங்க வந்தீங்க, பேப்பர காட்டினீங்க. அவரு பேப்பர காட்டல, ஆனா கேட்டாரு" என்றாள்.

அதற்குப் பிறகு மூன்று நாள் நான் மேட்டுத் தெருப் பக்கமே போகவில்லை. உன் மேல் வந்த கோபம் அப்போதுதான் இரண்டு மடங்கானது. ஏனென்றால் நீ சரியாகச் செய்திருக்கிறாய். இத்தனை அழகான ஒரு ஏற்பாட்டைச் செய்தவனுக்கு, அதை ஒரு அட்டையில் எழுதி ஷெட்டுச் சுவரில் ஒட்டத் தெரியாதா? நீ ஊரைக் கேட்டாய், எழுதவில்லை. நான் எழுதினேன், ஊரைக் கேட்கவில்லை. நம் இருவருக்கும் நடுவில் கஸ்தூரி அக்காவின் பாவு போனது. கம்பெனி நஷ்டத்தைக் கொடுத்துவிட்டது. ஆனால் கல்யாணத்துக்குச் சொன்ன சேலை அது. பெண் வீட்டார் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார்கள். அந்த வீட்டார் இனி இவளிடம் சேலைக்குச் சொல்ல மாட்டார்கள் என்று அவள் புருஷன் சொன்னார்.

நாலாம் நாள் அவள் வீட்டுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தேன். மறுபடியும் நூல் கட்டுங்கள், நான் தினமும் பார்க்கிறேன் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"நீங்க ஒருத்தரே பாக்கறதுன்னா வேணாங்க. அவரு ஒருத்தரே பாத்தாரு. இன்னா ஆச்சி? நாளைக்கி நீங்களும் இல்லன்னா எங்க பாவு இன்னா ஆவறது?"

பெரிய வேலைகளைப் பற்றி நான் படித்த படிப்பெல்லாம் அவள் கேட்ட அந்தக் கேள்விக்கு முன்னால் ஒன்றுமில்லை, அண்ணா. அன்றைக்கே ஷெட்டுச் சுவரில் பெயிண்டில் எழுதினோம். எந்த நிறம் எந்தத் தெரு, சாயங்காலம் யார் பார்ப்பது, அவர் இல்லாவிட்டால் யார், வண்டியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு. கடைசிக் கேள்விக்கு, யாருக்கு வேண்டுமானாலும் என்று எழுதினேன். டிரைவருக்கும், துப்புரவு செய்கிற பெண்ணுக்கும்கூட. புதைத்த குழாய் ஒவ்வொன்றையும் மறுபடி தேடி வரைந்தோம். உன் வேலையின் பாதியைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஐந்து மாதம் ஆனது. புதுப் பட்டறை கேட்டு வந்தவர்களிடம் முடியாது என்றேன். ஒருவர் என் முகத்துக்கு நேராகவே, "அண்ணன் குணத்துல ஒண்ணுகூட இல்லையே" என்றார். சந்தோஷமாக இருந்தது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே.

போன மாதம் படி ஏறும்போது எனக்கு நெஞ்சை அடைத்தது. இடது கை மரத்தது. டாக்டர் இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு முகம் மாறினார். வேலூரில் பெரிய டெஸ்ட் எடுக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று தேதி வாங்கிக் கொடுத்தார். முதல் தேதியில் பம்பு வந்து இறங்கியது, போகவில்லை. இரண்டாவது தேதியில் கரண்டு இணைப்பு கொடுக்க வந்தார்கள், போகவில்லை. மூன்றாவது தேதியன்று அண்ணி புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "பம்பு ஓடட்டும் அண்ணி, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

அந்த வார்த்தை. உன் வார்த்தை என் வாயிலிருந்து வந்தது.

அண்ணி கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. "அண்ணனும் தங்கச்சியும் சேந்து என்ன எத்தினி வாட்டிடீ கருப்புப் பொடவை கட்ட வெப்பீங்க? போ, போய் உன் பம்ப கட்டிகினு அழு!" என்று கத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிள்ளைகள் இரண்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றன. உன் சின்னவன் மட்டும் மெதுவாக, "அத்தை, நீயுமா?" என்றான்.

நாலாவது தேதி நாளைக்கு. காலை ஒன்பது மணிக்கு. பம்பு ஓடுவதும் ஒன்பது மணிக்கு. கேட்டதும் சிரிப்புதான் வந்தது.

டைரக்டர் மறுபடி போன் செய்தார். நாளைக்கு வர மாட்டேன் என்றேன். "நீங்க இல்லாம எப்படி மேடம்? ஏதாவது ஆச்சுன்னா?" என்றார். பத்து மாதத்துக்கு முன்னால் அவர் உன்னிடம் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு அப்போது தெரிந்தது. ஏதாவது ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று பம்பு ஹவுஸ் சுவரிலும் எழுதியிருக்கிறது, படிக்கத் தெரிந்தவர் யாராக இருந்தாலும் செய்யலாம் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

சாயங்காலம் ஏழுமலையிடம் பம்பு ஹவுஸ் சாவியைக் கொடுத்தேன். வாங்கவே மாட்டேன் என்றான். "நீங்க இல்லாமயாங்க? சாரும் இல்ல, நீங்களும் இல்லன்னா நல்லாவா இருக்கும்?" என்று கண் கலங்கினான். நான் இல்லாமல் ஓடினால்தான் அது ஓடுகிற மாதிரி என்றேன். என் போனைத் திறக்கும் நாலு எண்ணை அவனுக்கும் அண்ணிக்கும் சொல்லிவிட்டேன். நீ செத்த நாள்தான் அந்த எண். அவர்கள் இருவரும் மறக்க மாட்டார்கள்.

கிளம்பும்போது கம்பத்தைப் பார்த்தேன். ஒரு பச்சை நூல் புதிதாகக் கட்டியிருந்தது. நாளைக் காலையில் மேட்டுத் தெருவில் பாவு. பம்பு ஹவுசுக்குப் போக அதுதான் குறுக்கு வழி. நான் ஒன்றும் சொல்லாமல் நின்று பார்த்தேன். துப்புரவு செய்கிற பெண் நூலைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், ஏழுமலையிடம் போய், "நாளைக்கி டைரக்டர் காரு சுத்திகினுதான் வரணும், சொல்லிடுங்க" என்றாள். அவன் உடனே போனை எடுத்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அண்ணா. நாளைக்கு ஒன்பது மணிக்கு நான் வேலூரில் இருப்பேன். பம்பு ஓடினாலும் சரி, வெடித்தாலும் சரி, டாக்டர் போகச் சொல்லும் வரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். இந்த வேலைக்காக நம் வீட்டிலிருந்து இன்னொரு ஆள் போகாது. நீ நான்கு மணி நேரம் நின்ற இடத்தில் ஒரு நிமிடம்கூட நான் நிற்க மாட்டேன்.

அண்ணி சீக்கிரமே எழுந்து இட்லி கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் மாத்திரைச் சீட்டு, பழைய இசிஜி, தண்ணீர் பாட்டில், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். எதை மறந்தாலும் அதைத் தாண்டிப் போக முடியாது.

கோபம் தீராத,
நாளைக்கு லீவு போட்டிருக்கிற,
உன் தங்கை எஸ்தர்